புளியமரம் மறைக்கிறது

ஜூன் 5, திங்கள்

சீங்கலள்ளி வந்து சேர்ந்தேன். இரண்டு பஸ் மாறி, கடைசி ஆறு கிலோமீட்டர் பால் வேனில். மூன்று பக்கமும் கரடுகள், பாறைக் குன்றுகள். கடைசி வளைவு திரும்பியதும் செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நான் வந்திருப்பதே அதற்காகத்தான். பதினான்கு கிலோமீட்டர் தள்ளி டவுனில் எங்கள் தொண்டு நிறுவனத்து மாடியில் இருக்கும் இணையத்தைக் கம்பியில்லாமல் இந்த ஊருக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்து கம்பங்கள், ஆறு வாரம். பிறகு ஊர்க்காரர்களே நடத்திக்கொள்வார்கள். திட்டத்தின் பெயரிலேயே 'சமுதாய' என்று ஒரு சொல் இருக்கிறது.

தங்குவதற்குப் பால் சங்கச் செயலாளர் சென்னகேசவன் வீட்டு மாடியறை. ஊர்க் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அவர் மனைவி லோகம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் மோர் கொண்டுவந்துவிட்டார்.

"எந்த ஊரு கண்ணு?"

"ஆரணிப் பக்கம்க்கா."

"அப்பா என்னா பண்றாரு?"

"தபால் ஆபீஸ்ல இருந்தாரு. தவறிட்டாரு."

"ஆரணியா? அங்கெல்லாம் நம்ம ஆளுங்கதான ஜாஸ்தி?"

மோரைக் குடித்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கொத்தமல்லி கிள்ளிப் போட்டிருந்தார், நன்றாக இருந்தது.

ஜூன் 7, புதன்

காலையில் பெரிய கரடு ஏறினேன். முதல் கம்பம் இதன் உச்சியில்தான் வரப்போகிறது, சூரிய பேனலோடு. டவுனிலிருந்து வருவதை இது வாங்கி மற்ற நான்குக்கும் பிரித்துக் கொடுக்கும். பால் சங்கம், பஞ்சாயத்து அலுவலகம், பள்ளிக்கூடம், காலனி.

இந்த வேலையில் முக்கியமான விதி ஒன்றுதான். ஒரு ஏரியல் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் மற்ற ஏரியல் இருக்கும் இடம் தெரிய வேண்டும். நடுவில் பாறையோ மரமோ இருக்கக் கூடாது. நேர்பார்வை என்போம். மேலே நின்று ஒவ்வொரு இடமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். எல்லாம் தெரிந்தது.

பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் செருப்பு. அம்சவேணி. வயது என் வயதுதான், இருபத்தொன்பது. காலனிக்காரர். பன்னிரண்டாவது வரை படித்தவர். நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளர். வேலைக்கு வந்தவர்களைப் படம் எடுத்து ஒரு நாளைக்கு இரண்டு முறை செல்போனில் ஏற்ற வேண்டும். படம் ஏறவில்லை என்றால் அன்றைக்கு யாரும் வேலைக்கே வராத கணக்கு. ஊருக்குள் சிக்னல் கிடையாது. ஆகவே தினம் இரண்டு முறை கரடு ஏறுகிறார்.

"போன மாசம் மழையில ரெண்டு நாளு ஏற முடியல மேடம். நாப்பத்தியோரு பேரு மண்ணு சொமந்தது வீணாப் போச்சி. என்னத்தான் திட்னாங்க. திட்டாம என்னா பண்ணுவாங்க?"

கை நீட்டிக் காட்டினார். "அதோ நீலத் தொட்டி தெரியுதுங்களா? அதுக்குப் பக்கத்து வூடு எங்களுது. எங்களுக்கும் வருங்களா?"

தொட்டி பளிச்சென்று தெரிந்தது. அதன் ஏணிப்படிகளைக்கூட எண்ணலாம்.

"வரும். அஞ்சாவது கம்பம் உங்களுக்குத்தான்" என்றேன்.

ஜூன் 9, வெள்ளி

பால் சங்கத்தில் பயிற்சி. ஊரிலிருந்து நான்கு பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அம்சவேணி வாசலோடு நின்றுவிட்டார். "உள்ளே வாங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "வெளியில காத்தோட்டமா இருக்கும், எல்லாரும் வேப்பமரத்தடிக்கு வாங்க" என்றேன். சாமர்த்தியமாகச் சமாளித்தேன் என்று அப்போது தோன்றியது.

கேபிள் நுனியை உரித்து, எட்டு இழைகளையும் வரிசைப்படுத்தி முனையில் செருகி அழுத்த வேண்டும். அந்த நிற வரிசை யாருக்கும் பிடிபடவில்லை. அம்சவேணி இரண்டாவது முறையே சரியாகச் செய்தார். சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரிந்தன. மற்ற நான்கு பேரும் அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தார்கள்.

ஜூன் 12, திங்கள்

மழை. சிமெண்ட் நனைந்துவிட்டது. ஒரு வேலையும் ஆகவில்லை.

ஜூன் 14, புதன்

கரட்டுக் கம்பம் நின்றுவிட்டது! டவுன் ஏரியலோடு பிடிப்பு மைனஸ் 58. இந்த எண் குறையக் குறையச் சிக்னல் பலம். நான் எதிர்பார்த்ததைவிட நல்லது. மாலை பால் சங்கத்துக் கம்பத்தையும் இணைத்தோம். கத்தாரில் இருக்கும் மகனின் முகம் சென்னகேசவன் செல்போனில் அசைந்து பேசியபோது லோகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு என் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தார்.

"வா, உள்ள வந்து உக்காரு" என்று அடுக்களைக்கே கூட்டிப்போனார். அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சேமியா பாயசம் கொடுத்தார். வெள்ளி டம்ளர்.

கரடு மேல் சிமெண்ட் மூட்டை சுமந்தது அம்சவேணியும் அவர் அப்பா திம்மனும் இன்னும் மூன்று பேரும். அவர்களுக்குக் காகிதக் கப்பில் வெளி வாசலில் பாயசம் போனது. அடுக்களை ஜன்னல் வழியாக எனக்கு அது தெரிந்தது. அறுபது வயதுத் திம்மன் குடித்து முடித்ததும் கப்பைக் கசக்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கீழே போட்டால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று இருக்கும்.

நான் இரண்டாவது டம்ளரும் குடித்தேன்.

ஜூன் 15, வியாழன்

காய்ச்சல். லோகம்மாள் மூன்று முறை மாடியேறி வந்தார். மிளகுக் கஷாயம் கொடுத்தார். தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டார். "தலமுடி எம்மாம் அடர்த்தி கண்ணு ஒனக்கு. எங்க அக்கா பொண்ணுக்கும் இப்பிடித்தான்" என்றார். நல்ல மனுஷி. இதை எழுதி வைக்க வேண்டும்.

ஜூன் 16, வெள்ளி

காய்ச்சல் விட்டது. சென்னகேசவன் கூப்பிட்டார். குழுவில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

"அந்த அஞ்சாவது கம்பத்த கோயில் மண்டபத்து மேல போட்டுக்கலாம்னு இருக்கோம்மா."

"அது காலனிக்குன்னு திட்டத்துல இருக்கேண்ணா."

"இருந்தா மாத்தி எழுதிக்கலாம். போன வருசம் மேலத்தெருப் பொண்ணு ஒண்ணு காலனிப் பையனோட போயிடுச்சி. எல்லாம் போன்லயே பேசி முடிச்சிருக்குதுங்க. சிக்னல் இல்லாத ஊர்லயே இந்தக் கதை. இதுல நாமளே இழுத்துக் குடுத்தா?" குரலைத் தணித்தார். "நம்ம பொண்ணு மாதிரி இருக்கவாட்டிதான் மனசு வுட்டுப் பேசறேன். வெளியாளா இருந்தா இதெல்லாம் சொல்லுவனா?"

நால்வரும் என்னைப் பார்த்தார்கள்.

குழு கையெழுத்து போடாவிட்டால் முழுத் திட்டமும் நின்றுவிடும். பள்ளிக்கூடத்துக்கும் கிடைக்காது. அதை யோசித்துத்தான் தலையாட்டினேன்.

"டவுன்ல கேட்டா என்ன சொல்றதுண்ணா?"

இதை நான்தான் கேட்டேன். அவர்கள் கேட்கவில்லை.

"மரம் மறைக்குதுன்னு எழுதும்மா. ஏரிக்கரையில புளியமரம் இருக்குதில்ல?"

ஜூன் 17, சனி

ஆய்வுப் படிவம் நிரப்பினேன். ஐந்தாவது இடம்: காலனி. நேர்பார்வை: இல்லை. காரணம்: ஏரிக்கரைப் புளியமரங்கள் மறைக்கின்றன. மாற்று இடம்: கோயில் மண்டபம். படம் இணைக்க வேண்டும் என்று இருந்தது. வற்றிக் கிடந்த ஏரிக்குள் இறங்கி, மரங்களுக்கு நேர் கீழே நின்று ஒரு படம் எடுத்தேன். அங்கிருந்து பார்த்தால் கரடே தெரியாது.

ஜூன் 19, திங்கள்

அம்சவேணியிடம் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரில் துளை போட்டுக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் பேச அது வசதியாக இருந்தது.

"புளியமரம் மறைக்குதுங்க. அங்க சிக்னல் வராது."

"கரட்டு மேலேர்ந்து தொட்டி தெரியுதே மேடம்?"

"கண்ணுக்குத் தெரியறது வேற, ரேடியோ வேற. நடுவுல அந்த நேர்கோட்டச் சுத்தியும் உருண்டையா இடம் காலியா இருக்கணும். கிளை அதுக்குள்ள வந்தாலே போச்சு."

நான் சொன்ன விஞ்ஞானம் நிஜம். அந்த மரங்கள் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வரவில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

"அப்பிடிங்களா" என்றார். பிறகு, "எந்தக் கெளைங்க மேடம்?" என்று கேட்டார். "மேல் கிளைங்க" என்றேன். சந்தேகமே படாமல் தலையாட்டிவிட்டுக் கேபிளைச் சுற்ற ஆரம்பித்தார். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 21, புதன்

அம்மாவோடு வீடியோவில் பேசினேன். மாடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான். அம்மாவுக்குப் பின்னால் எங்கள் வீட்டுச் சுவர், சுவரில் நீலக் கோட்டுக்காரர் படம். அப்பா தபால் ஆபீஸில் சேர்ந்த முதல் மாதம் வாங்கி மாட்டியது.

"ஏன்டி ரகசியமா பேசற?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே லோகம்மாள் கதவைத் தட்டினார். "அம்மாவா? குடு கண்ணு, நானும் ஒரு வார்த்த பேசறேன்."

அழைப்பைத் துண்டித்தேன். கதவைத் திறந்து, "கட் ஆயிடுச்சுக்கா" என்றேன்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட எழுதாமல் எத்தனை நாள் சுற்றி வருவது? எங்கள் வீடும் காலனியில்தான் இருக்கிறது. ஆரணியிலிருந்து எட்டு கிலோமீட்டர், ஊருக்குக் கிழக்கே. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் இந்த மாடியறை கிடைத்திருக்காது. அதனால் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெள்ளிக்கிழமை நான் தலையாட்டியது திட்டத்துக்காக இல்லை. எதிர்த்துப் பேசினால், 'உனக்கு ஏம்மா அவங்க மேல இத்தினி அக்கற?' என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான்.

ஜூன் 25, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கு ஏரிக்கரைப் பக்கம் கூச்சல். ஓடினேன். மூன்று புளியமரங்களில் மேல் கிளைகள் வெட்டுப்பட்டுக் கீழே கிடந்தன. காலனி ஆட்கள் ஏழெட்டுப் பேர். திம்மன் தரையில் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மரங்களின் மகசூலை ஏலத்தில் எடுத்திருப்பவர் பெரியதம்பி, குழுவில் ஒருவர். அரிவாளோடு இறங்கிக்கொண்டிருந்த திம்மனைக் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஏழடி உயரம். மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"மரத்த வெட்றதுக்கு எவன்டா சொன்னான் ஒனக்கு?" என்று பெரியதம்பி கத்தினார். தன்னைவிடப் பத்து வயது மூத்தவரை.

அம்சவேணி அப்பாவின் கையைத் துண்டில் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். கூட்டத்தில் என்னைக் கண்டார். நான்கடி தூரம்தான்.

"யாரும் சொல்லலீங்க. நாங்களாத்தான் வெட்டினோம்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 26, திங்கள்

டவுன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். போலீசுக்குப் போக வேண்டாம், ஊரிலேயே பேசிக்கொள்ளலாம் என்று குழு முடிவு செய்தது. யாருக்காகப் போலீஸ் வேண்டாம் என்பதை யாரும் கேட்கவில்லை. மாலை நான்கு மணிக்குக் கோயில் முன்னால் கூட்டம். கட்டுப் போட்ட கையோடு திம்மன் வந்தார். இனி ஊர் மரத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிக் கீழே விழுந்து கும்பிட்டார். ஒரு கையை ஊன்ற முடியாததால் எழுந்திருக்கச் சிரமப்பட்டார். யாரும் தூக்கிவிடவில்லை. அம்சவேணி பெண்களோடு தூரத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்.

நான் கோயில் மண்டபத்தின் மேல் இருந்தேன். ஐந்தாவது கம்பத்துக்கு அளவெடுக்கும் நாடா கையில் இருந்தது. அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

ஜூன் 27, செவ்வாய்

சாப்பிடவில்லை. லோகம்மாள் ஏன் என்று கேட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

ஜூன் 28, புதன்

காலையில் காலனிக்குப் போனேன். வந்து மூன்று வாரமாகிறது. உள்ளே கால் வைப்பது இதுதான் முதல் முறை. அம்சவேணி வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். திம்மன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன்.

"மரம் மறைக்கல. நான் பொய் சொன்னேன்."

முறம் நின்றது. "தெரியும் மேடம்" என்றார் அம்சவேணி. "நேத்து என் செல்லுல பழைய போட்டோவெல்லாம் பாத்தேன். மே மாசம் கரட்டு மேல நின்னு எடுத்தது ஒண்ணு இருக்குது. மரம் ஒரு பக்கம், தொட்டி ஒரு பக்கம். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல."

பிறகு சொன்னேன். "நானும் காலனிதான். ஆரணிப் பக்கம். அங்க அவங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன். தெரிஞ்சிடும்னு பயந்துதான்..."

இதைச் சொன்னதும் அவர் முகம் மாறும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போது எழுதும்போதுதான் அது எனக்கே புரிகிறது. 'நம்ம பொண்ணா நீ' என்று ஒரு சொல்லை எதிர்பார்த்துப் போயிருக்கிறேன்.

அம்சவேணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவங்க வந்து சொல்லியிருந்தா நாங்க நம்பியிருக்க மாட்டோம் மேடம். நீங்க சொன்னீங்கன்னுதான் எங்கப்பா மரம் ஏறினாரு. படிச்ச பொண்ணு, பொய் சொல்லாதுன்னாரு. நான்கூட வேணாம்னேன்."

அழுதேன். அவர் அழவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை. மறுபடி முறத்தை எடுத்தார்.

திம்மன் சுவரைப் பார்த்தபடி மகளிடம் கேட்டார். "கம்பம் வருமா வராதான்னு கேளு."

"வரும்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 29, வியாழன்

இயக்குநருக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். படிவத்தில் எழுதியது பொய், படம் பொய், மாற்றச் சொன்னது குழு, மாற்றியது நான். நான்கு வரி போதுமாக இருந்தது. எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று.

பிறகு கீழே இறங்கி லோகம்மாளிடம் சொன்னேன். கேழ்வரகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முதலில் புரியாமல் சிரித்தார். பிறகு, "என்னா சொல்ற?" என்றார். மறுபடியும் சொன்னேன், எங்கள் தெருவின் பெயரோடு.

"அடுக்களையில உக்காந்தியே" என்றார். சற்றுப் பொறுத்து, "தலைக்கு எண்ணெ வெச்சி வுட்டனே" என்று தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அதில் கோபம் மட்டும் இல்லை. நம்பி ஏமாந்தவரின் முகம் அது. நேற்று அம்சவேணியிடமும் நான் அந்த முகத்தைப் பார்த்தேன். இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் காரணம் நான்.

"அவருக்குத் தெரியறதுக்குள்ள பெட்டிய எடுத்துக்கினு கெளம்பு" என்றார். நான் பெட்டியோடு இறங்கியபோது மாடியறைப் பாயையும் போர்வையையும் எடுத்து வெளியே கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

டவுனில் லாட்ஜில் இருக்கிறேன். தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும்.

ஜூலை 3, திங்கள்

இயக்குநரின் பதில் வந்தது. ஐந்தாவது கம்பம் காலனியில்தான் நிற்க வேண்டும். அதை முடித்துவிட்டு நான் திரும்ப வேண்டும். விசாரணை உண்டு, அடுத்த ஊருக்கு என்னை அனுப்பப்போவதில்லை. சரிதான்.

ஆனால் அது மட்டும் போதாது. திம்மன் விழுந்து கும்பிட்டது ஊர் பார்க்க. மாலை ஐந்து மணிக்குப் பால் சங்கத்துக்குப் போனேன். பால் ஊற்ற முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். சென்னகேசவன் அளவையோடு உட்கார்ந்திருந்தார். பெரியதம்பியும் இருந்தார். வரிசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"திம்மன் மரத்த வெட்டினதுக்குக் காரணம் நான். மரம் மறைக்குதுன்னு நான் சொன்னது பொய். அவர் மேல தப்பில்ல. மன்னிப்புக் கேட்க வேண்டியது நானும், என்னை அப்படி எழுதச் சொன்னவங்களும்."

சென்னகேசவன் அளவையைக் கீழே வைத்தார். "ஜாதி புத்திய காட்டிட்ட பாத்தியா. வூட்டுக்குள்ள வுட்டோம் பாரு, எங்கள சொல்லணும்" என்றார். இருபத்தொன்பது வருடமாக நான் பயந்துகொண்டிருந்த வார்த்தை. காதில் விழுந்தது. நின்றுகொண்டுதான் இருந்தேன்.

வரிசையின் பின்னாலிருந்து ஒரு அம்மாள் மட்டும், "பாலு கெட்டுப் போவுது, சீக்கிரம் ஊத்துங்க" என்றார். வரிசை நகர்ந்தது.

நான் எதை எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. திம்மன் திரும்ப எழுந்து நிற்கும் மாதிரி எதுவும் நடக்கவில்லை.

ஜூலை 5, புதன்

நான்கு கம்பங்களையும் பிடுங்கிப்போடுவோம் என்று குழு மிரட்டியதாக இயக்குநர் சொன்னார். பிடுங்க மாட்டார்கள். மகன் முகத்தைப் பார்க்காமல் லோகம்மாளால் இனி ஒரு நாள் இருக்க முடியாது. அவர் விடமாட்டார்.

ஜூலை 6, வியாழன்

ஐந்தாவது கம்பம்.

தொட்டியின் மேல் தளத்தில் நட்டோம். அம்சவேணிதான் ஏறினார். நான் ஏணியைப் பிடிக்கப் போனபோது, "வேணாம் மேடம், ஆளு இருக்காங்க" என்றார். இரண்டு பெண்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். கேபிள் முனைகள் எல்லாவற்றையும் நேற்றே அழுத்தி வைத்திருந்தார். ஒன்றுகூடத் தப்பில்லை.

ஏரியலைத் திருப்பிச் சரியான கோணம் பிடிக்க இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் வேண்டும். நான் கரட்டு உச்சிக்குப் போனேன். அவர் தொட்டி மேல் நின்று மெதுவாகத் திருப்புவார். இங்கே எண் நன்றாக வந்ததும் நான் துண்டை ஆட்ட வேண்டும். பிறகு அவரும் ஆட்டுவார். அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். மைனஸ் 80, 74, 66. மைனஸ் 57 வந்ததும் என் பச்சைத் துண்டை ஆட்டினேன். தூரத்தில் நீலத் தொட்டியின் மேல் ஒரு சிவப்புத் துண்டு ஆடியது. அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. பார்க்கக் கூசியது.

இறங்கி வந்தபோது காலனியே அந்த வீட்டு முன்னால் நின்றது. அம்சவேணியின் கணவர் சுதாகர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அவர் முகம் செல்போனில் வந்தது. திம்மன் கட்டிலில் உட்கார்ந்து அவரோடு பேசினார்.

"கையில என்னா மாமா கட்டு?"

"மரத்துலேர்ந்து தவறி வுழுந்துட்டேன்பா. ஒண்ணுமில்ல."

வாசலில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்த நான் எழுந்தேன். உள்ளே போய் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அம்சவேணி என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். வேண்டாம். அவர்கள் வீட்டில் எதை எப்போது யார் சொல்வது என்பது அவர்கள் விஷயம். என் மனப் பாரத்தை இறக்கி வைக்க அது இடமில்லை. உட்கார்ந்து மிச்சக் கேபிளைச் சுற்றினேன்.

ஒப்படைப்புப் படிவத்தில் அம்சவேணி கையெழுத்துப் போட்டார். சாவி, சோதனைக் கருவி, கேபிள் நிற வரிசை அட்டை எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டார். கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்றேன். "மாத்திட்டேன்" என்றார். என்னவென்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

"அஞ்சே முக்காலுக்கு பஸ்ஸு இருக்குது மேடம். அத விட்டா இன்னிக்கி வேற இல்ல" என்றார். பிறகு, "இனிமே நாங்க பாத்துக்குவோம்" என்றார்.

ஜூலை 7, வெள்ளி

ஊருக்கு வந்துவிட்டேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பெரியவரு கை கூடிடுமா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 19, சனி

விசாரணை முடிந்தது. அலுவலகத்தில் மேசை வேலை. யாரும் எதுவும் கேட்பதில்லை.

மதியம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'மூணு நாளா மழை. சிக்னல் 71 காட்டுது. படம் ஏற லேட் ஆகுது. என்ன பாக்கணும்.' பெயர் போடவில்லை. தேவையும் இல்லை.

பதில் எழுத உட்கார்ந்தேன். முதலில், அப்பாவின் கை எப்படி இருக்கிறது என்று எழுதினேன். அழித்தேன். தினமும் உங்களை நினைக்கிறேன் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினேன். ஏரியலின் அடிப்பக்கம் கேபிள் நுழையும் இடத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும்; முனையை வெட்டிவிட்டுப் புதிதாக அழுத்துங்கள்; கேபிளைக் கீழ்ப்பக்கமாக ஒரு வளைவு விட்டுக் கட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்; கம்பம் காற்றில் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

'சரி' என்று வந்தது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலை பத்து நாற்பதுக்கு இன்னொரு செய்தி. '57.'

அன்று நான் பச்சைத் துண்டை ஆட்டிய எண். வேறு ஒன்றும் இல்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.